குறுங்குழலும் குறுக்குவழியும்: கடலூரில் ஒரு துப்பாக்கி உரிமத்தின் உண்மையான விலை

கடலூரின் எல்லையையே ஒரு காலத்தில் பீரங்கி வகுத்தது. 1690-ல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள ஊர்களும் கம்பெனிக்கே என்பது பேச்சு. அப்படிச் சேர்ந்தவை ‘குண்டு கிராமங்கள்’ என்று பெயர் பெற்றன. அடுத்த நூற்றாண்டு முடிந்த கையோடு, பாளையக்காரர் போரை அடக்கிய அதே கம்பெனி 1801 டிசம்பர் 1-ல் ஓர் அறிவிப்பின் மூலம் தென்தமிழகத்து மக்கள் ஆயுதம் வைத்திருப்பதற்குத் தடை விதித்தது. 1878-ல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. ஆகவே இந்த மண்ணில் துப்பாக்கியின் விலை ஒருபோதும் முதல் கேள்வியாக இருந்ததில்லை. யார் கையில் அது இருக்கலாம் என்பதே முதல் கேள்வி. சுதந்திர இந்தியா இயற்றிய 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இனப் பாகுபாட்டைக் களைந்து, அந்த இடத்தில் தேவையை அளவுகோலாக வைத்தது. சட்டத்துக்கு உட்பட்டு, குறைந்த செலவில் ஒரு துப்பாக்கியைச் சொந்தமாக்குவது எப்படி என்று இன்று கடலூரிலோ சிதம்பரத்திலோ ஒருவர் கேட்டால், கடையின் விலைப்பட்டியலில் அதற்கு விடை கிடைக்காது. அவருடைய தேவை எது என்பதைப் பொறுத்தே செலவு கூடுகிறது அல்லது குறைகிறது. சட்டம் எளியவர்களுக்கென்று திறந்துவைத்த வழிகள் நடைமுறையில் அடைபட்டுக் கிடக்கின்றன என்பதும், அவற்றைச் செப்பனிடுவதே ஊருக்குப் பாதுகாப்பு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சட்டம் காட்டும் வழிகள்

1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு இந்த விஷயத்தின் மையம். உரிமம் கேட்பவர்களை அது இரண்டு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகையில் இருப்பவர்களுக்கு, மறுக்கக் காரணம் ஏதும் இல்லையென்றால் உரிமம் வழங்கப்பட வேண்டும். பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத, உட்புறத்தில் வரிப்பள்ளம் இல்லாத குழல் கொண்ட துப்பாக்கி கேட்பவர், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக முன்வாயில் மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி கேட்பவர், அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப்பில் உறுப்பினராக இருந்து குறி பார்த்துச் சுடும் பயிற்சிக்குத் துப்பாக்கி கேட்பவர் ஆகியோர் இதில் அடங்குவர். மற்ற எல்லோரும் இரண்டாம் வகை. ரிவால்வர், பிஸ்டல், .315 ரைபிள் போன்றவற்றைக் கேட்பவர் தமக்குத் தக்க காரணம் இருப்பதாக மாவட்ட ஆட்சியர் மனநிறைவு அடையும்படி நிறுவ வேண்டும். இந்தப் பகுப்பைக் கவனித்தால் சட்டத்தின் மனப்போக்கு புலப்படும். நீளமான குழலையும் எளிய இயக்கத்தையும் வெளிப்படையான நோக்கத்தையும் அது அனுமதிக்கும் பக்கம் சாய்ந்து பார்க்கிறது. மறைத்து எடுத்துச் செல்லக்கூடியதையும் வேகமாகச் சுடக்கூடியதையும் சந்தேகத்தோடு பார்க்கிறது. தானியங்கித் துப்பாக்கிகளும் தடைசெய்யப்பட்ட ரகங்களும் மாவட்ட ஆட்சியரின் அதிகாரத்துக்கே அப்பாற்பட்டவை.

இந்தச் சட்டத்தில் ஏழைகளின் பக்கம் நிற்கும் ஒரு வரியும் உண்டு. போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது என்று 14-ஆம் பிரிவு சொல்கிறது. ஆயுத உரிமம் என்பது பண்ணையார் வீட்டுச் சுவரில் மான்கொம்புக்குக் கீழே தொங்கும் கௌரவச் சின்னமாக இருந்த காலத்தை முடித்துவைக்க எழுதப்பட்ட வரி அது. பேச்சிலும் எழுத்திலும் அது எவ்வளவு அரிதாக நினைவுகூரப்படுகிறது என்பதிலேயே நம் நடைமுறையின் குறை தெரிகிறது.

குறுங்குழல் ஏன் வழியே அல்ல

அமெரிக்காவில் 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ரைபிள் தனி வகை. 1934-ஆம் ஆண்டின் தேசியச் சுடுகலச் சட்டம் அதைக் கூட்டரசிடம் பதிவுசெய்யச் சொல்லி 200 டாலர் வரி விதித்தது. அந்த வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாக்கப்பட்டுவிட்டது. பதிவு மட்டும் தொடர்கிறது. எனவே ஆயத்தமாக விற்பதை வாங்குவதா, இருப்பதை அனுமதி பெற்றுக் குறுக்கிக்கொள்வதா, எது மலிவு என்ற கணக்கு அங்கே நியாயமான கணக்கு. டெக்சாஸிலோ அரிசோனாவிலோ இருக்கும் உறவினர் சொல்வதைக் கேட்டும் காணொளிகளைப் பார்த்தும் அதே கணக்கை இங்கே போட்டுப் பார்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் குழலைக் குறுக்குவதே ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். 2019 டிசம்பரில் நிறைவேறிய திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டுச் சிறை. ஆயுள் சிறை வரை நீளலாம். முறையான உரிமத்தோடு வாங்கிய துப்பாக்கியைப் பட்டறையில் கொடுத்து நான்கு அங்குலம் அறுத்தாலும் குற்றம் குற்றமே. துப்பாக்கிக்கு வாங்கிய உரிமம் அறுப்பதற்கான உரிமம் ஆகாது.

இது வீண் கெடுபிடி அல்ல. ரைபிளின் குழலைக் குறுக்கும்போது தோட்டாவின் வேகம் குறைகிறது, சத்தமும் தீப்பிழம்பும் கூடுகின்றன. பயிர் காக்கவோ பந்தயத்தில் சுடவோ இவற்றில் எதுவும் உதவாது. கிடைக்கும் ஆதாயம் ஒன்றே ஒன்று: சட்டைக்குள்ளோ பைக்குள்ளோ மறைக்கும் வசதி. பிரிட்டனும் இதே காரணத்துக்காக 30 சென்டிமீட்டருக்குக் குறைந்த குழலையும் மொத்த நீளம் 60 சென்டிமீட்டருக்குக் குறைந்த துப்பாக்கியையும் தடைசெய்யப்பட்ட பட்டியலில் வைத்திருக்கிறது. வீட்டுக்குள் தற்காப்புக்குச் சிறியதுதானே கைக்கு அடக்கம் என்று சிலர் வாதிடலாம். அந்தத் தேவை உண்மையானால் அதற்குச் சட்டப்படி உள்ள வழி கைத்துப்பாக்கிக்கு விண்ணப்பித்துத் தமக்குள்ள மிரட்டலை நிறுவுவதே. அந்தப் பரிசோதனையைத் தாண்ட முடியாதவர் வேறொரு துப்பாக்கியை அறுத்து அதே இடத்துக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே 6-ஆம் பிரிவு இருக்கிறது.

செலவு என்பது எது

உரிமத்துக்கான அரசுக் கட்டணம் மொத்தச் செலவில் சிறு பங்குதான். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி விண்ணப்பத்தோடு பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிக்கான சான்று, மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பூட்டி வைக்க இடம் இருப்பதற்கான உறுதிமொழி எல்லாம் சேர வேண்டும். காவல் நிலைய விசாரணை, வருவாய்த் துறை அறிக்கை என்று கோப்பு நகரும். சிதம்பரத்தையோ காட்டுமன்னார்கோயிலையோ சேர்ந்தவர் ஒவ்வொரு கட்டத்துக்கும் கடலூர் ஆட்சியர் அலுவலகம்வரை வந்துபோக வேண்டியிருந்தால் பேருந்துக் கட்டணத்தைவிட இழக்கும் கூலி பெரிது. உரிமம் வந்த பிறகும் செலவு நிற்காது. 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேர்தல் அறிவிக்கப்படும்போது துப்பாக்கியை ஒப்படைத்து மீட்க வேண்டியும் வரலாம். தோட்டா வாங்கியதற்கும் சுட்டதற்கும் கணக்கு இருக்க வேண்டும். வாங்கும் விலை ஒருமுறைதான். வைத்திருக்கும் விலையோ உரிமம் இருக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே ‘எந்தத் துப்பாக்கி மலிவு’ என்பதைவிட ‘எந்த நோக்கத்துக்கு வாங்கினால் வைத்திருக்கும் சுமை குறைவு’ என்று கேட்பதே சரியான கேள்வி.

அந்தக் கேள்வியோடு பார்த்தால் மிக மலிவான வழி விளையாட்டுத்தான். குழல் விட்டம் .177 அங்குலத்துக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர் ரைபிளுக்கு உரிமமே தேவையில்லை. அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்து வாங்கலாம். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் போட்டியில் பயன்படுவது இந்த ரகம்தான். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் இதே ஏர் ரைபிளில்தான் உலகக் கோப்பைத் தங்கங்களை வென்றார்; டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் நாட்டுக்காக நின்றார். அங்கீகாரம் பெற்ற கிளப்பின் உறுப்பினர் பயிற்சிக்காகத் துப்பாக்கியைப் பயன்படுத்துவதற்கும் ஆயுதச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு தனிச் சலுகை தருகிறது. கிளப்பில் 2 ஆண்டு தொடர்ந்து ஈடுபாட்டோடு இருப்பவரின் உரிம விண்ணப்பத்தைப் பரிசீலிக்குமாறு 2016 விதிகளும் சொல்கின்றன. துப்பாக்கியின் மீதுள்ள ஈர்ப்பு உண்மையில் சுடும் கலையின் மீதுள்ள ஈர்ப்பே என்றால், செலவிலும் கௌரவத்திலும் இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். உரிமம் தேவையில்லை என்பதால் ஏர் ரைபிளைக் கொண்டு வீராணம் ஏரிக்கரையிலோ பிச்சாவரம் கழிமுகத்திலோ கொக்கையும் மடையானையும் சுடலாம் என்று பொருளில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முன் ஏர் ரைபிளும் வேட்டை ஆயுதம்தான்.

இரண்டாவது மலிவான வழி வாரிசுரிமை. உரிமம் பெற்றவர் இறந்தாலோ, 70 வயதை எட்டினாலோ, 25 ஆண்டு வைத்திருந்தாலோ, தகுதியுள்ள வாரிசுக்கு அந்தத் துப்பாக்கியை மாற்றிக்கொள்ள விதிகள் இடம் தருகின்றன. துப்பாக்கிக்குப் புதிதாக விலை கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பரணில் போட்டுவிட்டுப் பாகப்பிரிவினைப் பேச்சு முடியட்டும் என்று காத்திருக்கும் குடும்பம் தன்னையறியாமலே குற்றத்துக்குள் நுழைகிறது. உரிமம் இல்லாமல் வைத்திருப்பதற்கு இன்று குறைந்தது 2 ஆண்டுச் சிறை. ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது என்ற 2019-ஆம் ஆண்டு உச்சவரம்பும் பரம்பரைச் சொத்தைப் பங்கு போடும்போது கணக்கில் வர வேண்டும்.

பயிர் காக்கும் துப்பாக்கி

மாவட்டத்தின் மேற்கே வேப்பூர், மங்களூர் பக்கம் மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் காலத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரே இரவில் ஒரு கொல்லையைச் சாய்த்துவிட்டுப் போகிறது. அங்கே பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி கேட்பது ஆடம்பரம் அல்ல. சட்டம் அந்த விவசாயிக்குக் கொடுக்க முன்வருவது முன்வாயில் கெட்டிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி. குழல் வாயில் கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நார் அடைத்து, கம்பியால் இடித்து இறுக்கி, ஈயக்குண்டையோ பால்ரஸ் குண்டையோ போட்டு மீண்டும் அடைத்து, பின்னால் கேப்பு பொருத்தினால்தான் ஒரு வேட்டு. அடுத்த வேட்டுக்கு மறுபடியும் எல்லாம் முதலிலிருந்து. இந்த மெதுவான இயக்கம்தான் அதைச் சட்டத்தின் கண்ணில் ஆபத்து குறைந்ததாக்குகிறது. விலையையும் குறைவாக வைக்கிறது.

ஆனால் துப்பாக்கி உரிமமும் சுடும் உரிமையும் வேறு வேறு. காட்டுப்பன்றி 2022-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத் திருத்தத்தில் இரண்டாம் அட்டவணைக்கு வந்துவிட்டது. 2025 ஜனவரியில் தமிழக அரசு வகுத்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர்வரை பன்றியைச் சுடக் கூடாது; 1 முதல் 3 கிலோமீட்டர்வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும்; 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டும். ஆக, பயிர் காக்கவென்று சட்டப்படி வாங்கிய துப்பாக்கியால் விவசாயி வெற்று வேட்டுப் போட்டு விரட்டலாமே தவிர, பயிரைத் தின்னும் பன்றியைத் தானாகச் சுட முடியாது. சிதம்பரம் பக்கத்து டெல்டா வயல்களில் நிலைமை இன்னும் தெளிவு. அங்கே நெல்லைத் தின்பவற்றில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது; எலிக்குத் துப்பாக்கி பயன்படாது. அந்த வட்டாரத்தில் பயிர்ப் பாதுகாப்பு உரிமம் பணத்துக்கேற்ற பயன் தராது என்பதே நேர்மையான பதில்.

கேரளம் இதே சிக்கலை வேறு விதமாக அணுகியது. 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கௌரவ வனவிலங்குக் காப்பாளர் அதிகாரம் கொடுத்து, உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கொண்டு பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட வழி செய்தது. உரிமம் ஒரு பொதுப்பணிக்கான தகுதியாக அங்கே மாறுகிறது. தமிழகத்தில் அந்த வழி இல்லாததால், வெறுத்துப்போன சிலர் வெடிமருந்து பொதிந்த அவுட்டுக்காயை உருட்டிப் போடுகிறார்கள். வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். அவுட்டுக்காய்க்குப் பன்றி எது, மாடு எது என்று தெரியாது. மின்வேலி இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்து வயல்காரரையும் கொல்கிறது. கணக்கில் உள்ள, கண்காணிக்கப்படும் நூறு நாட்டுத் துப்பாக்கிகளைவிட இவை ஊருக்கு ஆபத்தானவை.

நரிக்குறவரும் குடகரும்

நாட்டுத் துப்பாக்கியைப் பற்றிப் பேசும்போது நரிக்குறவரைத் தவிர்க்க முடியாது. சிதம்பரம் ஆருத்ரா தரிசனக் கூட்டத்தில் பாசிமணி விற்கும் அந்தச் சமூகத்தின் மரபுத் தொழில் வேட்டைதான். அவர்களின் முதன்மையான கருவியாக இருந்தது ஒற்றைக்குழல் துப்பாக்கி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அந்தத் தொழிலைக் குற்றமாக்கியது. அதன் நோக்கம் சரியானதே. ஆனால் மாற்றுத் தொழில் தராமல் தொழிலை மட்டும் எடுத்துக்கொண்டது. நீண்ட கோரிக்கைக்குப் பின், 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2023 ஜனவரியில் சட்டமான திருத்தத்தால் நரிக்குறவரும் குருவிக்காரரும் தமிழகப் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தார்கள். கல்விக்கும் வேலைக்கும் அது கதவைத் திறந்தது. துப்பாக்கி விஷயத்தில் அவர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை. இதே நாட்டில் குடகு இனத்தவருக்கும் ஜம்மா என்னும் பரம்பரை நில உரிமை உடையவர்களுக்கும் பிரிட்டிஷ் காலத்திலிருந்தே துப்பாக்கி உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு உண்டு. 2019-ல் ஒன்றிய அரசு அந்த விலக்கை 2029 வரை நீட்டித்தது. 2021-ல் கர்நாடக உயர்நீதிமன்றம் அது செல்லும் என்றது. நில உடைமையும் போர்மரபும் உள்ள சமூகத்தின் துப்பாக்கி பண்பாடாகிறது. நிலமற்ற நாடோடிச் சமூகத்தின் துப்பாக்கி சந்தேகத்துக்குரிய பொருளாகிறது. குடகர் விலக்கைப் பறிக்க வேண்டும் என்பதல்ல நான் சொல்வது. நரிக்குறவருக்கு விலக்கு வேண்டும் என்பதும் அல்ல. வேட்டைக்குத் திரும்புவது அவர்களுக்கும் பறவைகளுக்கும் நல்லதில்லை. சொத்து இல்லாததால் உரிமம் மறுக்கக் கூடாது என்ற 14-ஆம் பிரிவின் வாக்கு அவர்கள் விண்ணப்பத்துக்கும் அதே எடையோடு பொருந்த வேண்டும் என்பதே. குறி பார்ப்பதில் தலைமுறைத் தேர்ச்சி உள்ள அந்தப் பிள்ளைகளுக்கு ஏர் ரைபிள் பயிற்சி கொடுப்பதைவிடப் பொருத்தமான விளையாட்டுத் திட்டம் எது?

மறுப்புகளும் விடைகளும்

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் வரும். முதலாவது, ரவுடிகள் உரிமம் கேட்டா துப்பாக்கி வைத்திருக்கிறார்கள், நல்லவர்களை மட்டும் ஏன் அலைக்கழிக்க வேண்டும் என்பது. ரவுடி உரிமம் கேட்பதில்லை என்பது உண்மை. அதனால்தான் உரிமமின்மையே அவரைப் பிடிப்பதற்குப் போலீசுக்குக் கிடைக்கும் முதல் பிடிமானம். அந்தப் பிடிமானத்தைத் தளர்த்தினால் நல்லவரைவிட அதிகம் பயன்பெறுவது அவரே. ஆயுதம் வைத்திருப்பது அமெரிக்காவைப் போல இங்கே அடிப்படை உரிமை அல்ல என்று உச்சநீதிமன்றம் 2023-ல் சட்டவிரோத ஆயுதங்களைப் பற்றிய வழக்கில் சுட்டிக்காட்டியதும் இந்தப் பின்னணியில்தான்.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையில் வரும். எளிய வழிகளைச் செப்பனிட்டால் துப்பாக்கிகள் பெருகாதா? பெருகுவதும் கணக்கில் வருவதும் வேறு வேறு. கல்வராயன் மலை, தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற பகுதிகளில் உரிமமில்லா நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி போலீஸ் திரும்பத் திரும்ப அறிவிக்க வேண்டியிருப்பதே அவை ஏற்கெனவே இருக்கின்றன என்பதற்குச் சான்று. அவற்றை வைத்திருப்பவர்களில் விண்ணப்பித்தால் கிடைக்காது என்ற முடிவோடு பட்டறையை நாடியவர்களும் இருப்பார்கள். கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் அவர்கள் வரிசையில் நிற்பார்கள். கெட்டித்துச் சுடும் துப்பாக்கி கூட்டத்தைச் சுட ஏற்றதல்ல என்பதால் இந்த வழியின் அபாயமும் வரம்புக்குட்பட்டது.

மூன்றாவது மறுப்பு தற்காப்பைப் பற்றியது. இதைப் பரிவோடு அணுக வேண்டும். நகைக்கடைக்காரர், தோட்டத்தில் தனியே வசிக்கும் முதியவர் ஆகியோரின் பயம் பொய்யல்ல. ஆனால் தற்காப்பு உரிமமே எல்லா வழிகளிலும் செலவு மிக்கது, நிச்சயமற்றதும்கூட. மிரட்டலை ஆவணத்தால் நிறுவ வேண்டும்; கைத்துப்பாக்கியின் விலையோ விவசாயியின் ஓராண்டு வருமானத்தை விழுங்கும். பூட்டிய பெட்டியில் இருக்கும் துப்பாக்கி திடீர்த் தாக்குதலில் கைக்கு வராது; பூட்டாமல் வைத்தால் பேரப்பிள்ளையின் கைக்கு வரும். அதே பணத்தில் நல்ல கதவும், கேமராவும், விளக்கும், உரிமம் உள்ள காவலரும் கிடைக்கும். இதையும் மீறித் தேவை இருப்பவர் 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட துப்பாக்கிக்கு விண்ணப்பிப்பதே நல்லது. சட்டம் ஆதரவாகச் சாயும் பக்கம் அது. மறுத்தால் எழுத்தில் காரணம் கேட்டு மேல்முறையீடு செய்யலாம்.

ஆக, சுடும் கலையை விரும்புபவருக்கு உரிமம் தேவையற்ற ஏர் ரைபிளும் கிளப்பும். பரம்பரைத் துப்பாக்கி உள்ள வீட்டுக்குத் தாமதிக்காத வாரிசு மாற்றம். மேற்கு வட்டார விவசாயிக்கு, என்ன செய்யலாம் என்ன செய்யக் கூடாது என்ற தெளிவோடு, ஒற்றைக்குழல் பயிர்ப் பாதுகாப்பு உரிமம். குறுங்குழலுக்கு வழியில்லை; தேடுவதும் வீண். அரசு செய்ய வேண்டியவையும் எளியவை. பயிற்சிச் சான்றை வட்டத் தலைநகரிலேயே கட்டணமின்றித் தரலாம். விண்ணப்பத்தை விருத்தாசலத்திலும் சிதம்பரத்திலும் வாங்கி, விதிகள் விதித்த காலவரம்புக்குள் முடிவை எழுத்தில் சொல்லலாம். பன்றியைச் சுடும் பணியில் வனத்துறையோடு உரிமம் பெற்ற விவசாயிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் பொது ஏர் ரைபிள் கூடம் ஒன்றைத் திறக்கலாம். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. 1959-ல் எழுதியதை எழுதியபடி நிறைவேற்றும் மனம் போதும். முறையான வழி பணக்காரருக்கு மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்வரை ஏழை பட்டறையை நாடுவார். அந்த வழியை எல்லோருக்கும் எட்டும்படி வைப்பதுதான் கள்ளத் துப்பாக்கியை ஒழிக்க நமக்கு உள்ள செலவு குறைந்த வழி.